நாத்தனார் திருத்திய புரோகிராம்

மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவில் அந்தத் தாள் பல மாதங்கள் ஒட்டியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளை போட்ட பழைய வகை அச்சுத்தாள். அதில் இரண்டே வரிகள். மேல் வரியில் மாதாந்திர ரினிவல் வேலை பழைய புரோகிராமில் எடுத்துக்கொண்ட நேரம், நாற்பத்தேழு நிமிடம். கீழ் வரியில் அதே வேலை புதிய புரோகிராமில் எடுத்துக்கொண்ட நேரம், ஆறு நிமிடம். அந்த ஆறை மேனேஜர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். தண்ணீர் பிடிக்கப் போனாலும் லீவு பாரத்தில் கையெழுத்து வாங்கப் போனாலும் அந்த வட்டத்தைப் பார்க்காமல் போக முடியாது. நாற்பத்தேழு நிமிடம் நான் எழுதிய புரோகிராம். ஆறு நிமிடம் என் கணவரின் தங்கை திருத்தியது.

நான் திருச்சிக்காரி. துபாயில் தேராவில் இருக்கும் ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் புரோகிராமர். எங்கள் நிறுவனத்தின் வேலை முழுக்க ஆர்.பி.ஜி. என்ற பழைய கணினி மொழியில்தான் ஓடுகிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால் பாலிசி வர வேண்டும், தேதி நெருங்கினால் ரினிவல் கடிதம் அச்சாக வேண்டும், இவ்வளவுதான் அது செய்வது. அதற்காக நாள் முழுக்கத் தரவுக் கோப்புகளைப் படித்துக்கொண்டும் அவற்றில் எழுதிக்கொண்டும் இருக்கும். அந்தப் படிப்பிலும் எழுத்திலும் எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் பாதி. அந்தப் பாதியில் நான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு இருந்தது. புரோகிராம்கள் மெதுவாக ஓடுகின்றன என்று பாலிசி விற்கும் கவுண்டர்களிலிருந்து புகார் வந்தபோது, மெஷின் போதாது, புதிய வட்டுகள் வாங்க வேண்டும் என்று நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தவளும் நான்தான். மேனேஜர் அதை நம்பி மேலிடத்துக்கு அனுப்பியும் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் விசிட் விசாவில் வந்து இறங்கினாள். சென்னையில் நான்கு வருடம் இதே ஆர்.பி.ஜி. வேலை பார்த்தவள். துபாயில் வேலை தேடிப் பார்க்கலாமே என்று அவளை வரச் சொன்னது என் கணவர். அல் குசைஸில் எங்களுடையது ஒரே படுக்கையறை கொண்ட வீடு. அவள் ஹாலில் சோபாவை விரித்துப் படுத்தாள். காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போது சோபா மடக்கப்பட்டு, போர்வை நான்கு மூலையும் சேர்த்து மடிக்கப்பட்டு, அவள் குளித்து முடித்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளாவது அவள் தூங்கிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு அது நல்ல பழக்கமாகத் தோன்றியிருக்கும். எனக்கு அது, என்னைக் குறை சொல்ல ஒரு வாய்ப்புகூடத் தராமல் இருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

அவள் வந்த ஒரு வாரத்துக்குள் என் கணவரின் பேச்சு மாறிப்போனது. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னோடு பொதுவான ஒரு தமிழில்தான் பேசிவந்தார். கட்டுமான கம்பெனியில் பத்து ஊர் ஆட்களோடு பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். தங்கை வந்ததும், "ஏளா, சாப்ட்டியா? என்னத்துக்கு முழிச்சிட்டு இருக்க?" என்று ஊர்ப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒரு சித்தப்பாவைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சித்தப்பா யார், அவர் என்ன செய்தார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய பயோடேட்டாவை எங்கள் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். கணவர் மூன்று முறை கேட்டார். நான்காவது முறை கேட்கும்படி வைக்கக் கூடாது என்று கொடுத்தேன். உள்ளுக்குள், இந்த ஆபீசில் என் கீழே இரண்டு வருடம் இருந்து கற்றுக்கொள்ளட்டும் என்ற நினைப்பும் இருந்தது. ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நல்லபடியாகப் போனால் நிரந்தரம் என்று சொன்னார்கள். அன்று மாலை கணவர் கேசரி செய்தார். எனக்கு வேலை கிடைத்த அன்று ஹோட்டலில் பார்சல் வாங்கினோம் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவளுக்கு முதலில் கொடுத்தது ரினிவல் புரோகிராம். அடுத்த மாதம் பாலிசி முடியும் வண்டிகளையெல்லாம் எடுத்து, கட்டணம் கணக்கிட்டு, கடிதம் அச்சிடும் வேலை. அது ஓடும்போது கவுண்டர்களின் திரைகள் எல்லாம் நின்று நின்று வரும் என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓட்டுவோம். அவள் மூன்று நாள் எதையும் மாற்றவில்லை. வெறுமனே படித்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போடாமல் நின்றபடியே சொன்னாள்.

"மதினி, ஒவ்வொரு வண்டிக்கும் கட்டணம் போடுத புரோகிராமைக் கூப்பிடுதோம்லா, அது ஏழு ஃபைலைத் திறக்கு, ஒண்ணைப் படிக்கு, ஏழையும் மூடிட்டு வெளிய வந்திருது. அடுத்த வண்டிக்கு மறுபடி ஏழையும் திறக்கு. திறந்தே வச்சிருந்தா போதும்லா? அப்புறம் அந்தக் கட்டண ஃபைல்ல இருநூறு வரிகூட இல்ல. முதல்லயே ஒரு தடவை படிச்சு மெமரியில வச்சுக்கிட்டா, ஒவ்வொரு வண்டிக்கும் போய்த் தேட வேண்டாம்."

அவள் சொன்னதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. படிக்கும் கோப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும், சின்னக் கோப்பை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் முதல் வருடப் பாடம். அந்தப் புரோகிராமை நான் எழுதியபோது எங்களிடம் சில ஆயிரம் வண்டிகள்தான் இருந்தன, எப்படி எழுதினாலும் ஓடியது. பிறகு வண்டிகள் பெருகின. அதே வரிகளைத் தினமும் பார்த்துப் பார்த்து, அவற்றைப் பார்ப்பதையே நான் விட்டிருந்தேன். மெஷின் போதாது என்று அறிக்கை எழுதினேனே தவிர, என் புரோகிராமைத் திறந்து படிக்கவில்லை. "சரி, செஞ்சு பாரு" என்றேன். குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தபோது எங்கேயோ தப்பு என்று எல்லோரும் நினைத்தோம். கடிதங்களை எண்ணிப் பார்த்தார்கள். பழையதோடு ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. எங்கள் மேனேஜர் மலையாளி. "கொள்ளாம்! வளரெ கொள்ளாம்!" என்று தன் மொழியில் பாராட்டிக்கொண்டே அறையிலிருந்து வெளியே வந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "அப்போ நம்முடைய புதிய மெஷின் வேண்டாம், அல்லே?" என்றார். அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார். குத்துவதற்காகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அன்றுதான் அந்தத் தாள் கண்ணாடியில் ஏறியது.

வீட்டிலும் அதே பேச்சு. கணவர் தன் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். நாற்பத்தேழு என்றும் ஆறு என்றும் அவர் வாயிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். அந்த நாற்பத்தேழு யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. "பழைய புரோகிராம் அண்ணே" என்பாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். அவள் அப்படி நாசூக்காக நடந்துகொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைக் காப்பாற்றும் இடத்தில் அவள் இருக்கிறாள், காப்பாற்றப்படும் இடத்தில் நான் இருக்கிறேன் என்பதே அதன் பொருளாக எனக்குப் பட்டது. இதற்குப் பொறாமை என்று நான் அப்போது பெயர் வைக்கவில்லை. அவளுக்கு அனுபவம் போதாது, அவசரக்காரி, ஒரு நாள் வம்பை இழுத்து வைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று காத்திருந்தேன் என்பதை இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அடுத்ததாக அவளிடம் கவுண்டர் புரோகிராம் போனது. வண்டிகளைச் சோதிக்கும் மையங்களில் எங்களுக்குக் கவுண்டர்கள் உண்டு. ஓட்டுநர்கள் அங்கே வந்து பாலிசி எடுப்பார்கள், சான்றிதழை வாங்கிக்கொண்டு பக்கத்து ஜன்னலில் வண்டியைப் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு பாலிசியும் எங்கள் மெஷினில் காலையிலிருந்து மாலைவரை நிற்காமல் ஓடும் ஒரு புரோகிராமுக்கு வந்து சேரும். அது ஒரு கோப்பில் எழுதும். கவுண்டரில் இருப்பவர் சான்றிதழ் அச்சிடும்போது அந்தக் கோப்பைத்தான் திரை தேடும். மாதக் கடைசியில் கூட்டம் நெருக்கும்போது இதுவும் தள்ளாடும். நாத்தனார் படிக்கும் பகுதியை முதலில் சரி செய்தாள். பிறகு எழுதும் பகுதிக்கு வந்தாள்.

அங்கே ஒரு வரி இருந்தது. ஆர்.பி.ஜி. ஒரு கோப்பில் எழுதும்போது, ஒவ்வொரு பதிவாக அனுப்பிக்கொண்டிருக்காமல், நினைவகத்தில் சேர்த்து வைத்து, ஒரு கட்டு நிறைந்ததும் மொத்தமாக எழுதும். அது வேகமான வழி. நாமாக வேண்டாம் என்று சொன்னால்தான் ஒவ்வொன்றாக எழுதும். பிளாக் நோ என்ற அந்த வரி, வேண்டாம் என்று சொல்லும் வரி. கட்டு நிறையும்வரை பதிவுகள் கோப்பில் இருக்காது, வேறு யார் தேடினாலும் கிடைக்காது. கவுண்டரிலோ உடனே தேடுவார்கள். ஆகவே அந்த வரி அங்கே இருந்தே ஆக வேண்டும். எனக்கு இது மிக நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அது இல்லாமல் எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் இருவரும் நின்றுகொண்டு வந்தோம். ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி அவள் கேட்டாள்.

"மதினி, அந்தக் கவுண்டர் ஃபைலுக்கு பிளாக் நோன்னு போட்டிருக்கே, அதுக்கு ஏதும் காரணம் இருக்கா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகமும் அவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. அடுத்த நிலையம் ஸ்டேடியம் என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன், பதில் யோசிப்பதற்காக அல்ல. பதில் அதற்குள் எனக்குள் வந்துவிட்டிருந்தது.

"யாரோ எப்பவோ போட்டது. எடுத்துட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சரி மதினி" என்றாள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ திருத்திச் சொல்லியிருக்கலாம். அவள் சோதனை ஓட்டம் பார்த்தபோது பக்கத்திலேயே நின்றேன். ஆயிரக்கணக்கில் பதிவுகளைக் கொடுத்தாள், கட்டுக் கட்டாக நிறைந்தன. முடிந்ததும் புரோகிராமை நிறுத்தினாள், நிறுத்தும்போது மிச்சமிருந்ததும் எழுதப்பட்டுவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்தது. நாள் முழுக்க நிற்காமல் ஓடும் புரோகிராமை நிறுத்தி வைத்துச் சோதித்தால் இந்தத் தப்பு தெரியாது என்று எனக்குத் தெரியும். "நல்லா வந்திருக்கு" என்று சொன்னேன். அதுவும் நான் சொன்ன வார்த்தைதான்.

புதிய புரோகிராம் போட்ட அன்று காலை எட்டேகால் மணிக்கு முதல் போன் வந்தது. பாலிசி போட்டாயிற்று, சான்றிதழ் அடிக்கப் போனால் அப்படி ஒரு பாலிசியே இல்லை என்கிறது திரை. இரண்டாவது போனில் பேசிய கவுண்டர் பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஒரு ஓட்டுநர், "பைசா லே லியா, காகஸ் கிதர் ஹை?" என்று, பணம் வாங்கியாயிற்று, காகிதம் எங்கே என்று இந்தியில் கத்துவது எங்களுக்கே கேட்டது. சில கவுண்டர்களில் பாலிசி விழவில்லை என்று நினைத்து அதே வண்டிக்கு இரண்டாம் முறையும் போட்டுவிட்டார்கள். நாத்தனார் கோப்பைத் திறந்து பார்த்தாள். பதிவுகள் இல்லை. மறுபடி பார்த்தாள். கவுண்டர் அனுப்பியது வந்திருக்கிறது, புரோகிராம் வாங்கியிருக்கிறது, கோப்பில் இல்லை. அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றுகொண்டிருந்தன. எதை அழுத்துவது என்று தெரியாமல் நின்றன.

முதல் போனிலேயே எனக்குத் தெரியும். என் மேசையில் டீ இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். காகிதக் கோப்பையை மடக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். என் மெயில்களுக்குப் பதில் எழுதினேன். சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு வேதனையாக இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. நிம்மதியாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது, அந்த இரக்கம் இதமாகவும் இருந்தது.

மேனேஜர் தானே எழுந்து எங்கள் பக்கம் வந்தபோது நான் எழுந்தேன். நேராக அவள் திரைக்குப் போய், அந்த வரி எடுக்கப்பட்டதைக் காட்டினேன். திரும்பச் சேர்த்தேன். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் காலையிலிருந்து தேங்கி நின்ற பாலிசிகள் எல்லாம் மொத்தமாகக் கோப்புக்குள் வந்து விழுந்தன. இரண்டு முறை போட்டவற்றை ரத்து செய்ய மட்டும் அன்று மாலை வரை ஆனது. மேனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீங்க இல்லாம இருந்தா இன்னிக்கு நாம போயி, தொலைஞ்சோம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். பேச்சு தமிழும் மலையாளமும் கலந்து வந்தது.

"எதுக்கு எடுத்தே? சீனியர் பக்கத்தில தன்னே இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கூடே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "கேக்கல சார். என் தப்புதான்" என்றாள்.

ஒப்பந்தம் முடிந்தபோது அவளை நிரந்தரமாக்கவில்லை. விசா ரத்தானது. கணவர் இடிந்துபோனார். "ஒரு தப்புக்கு இப்படியா? நீயாவது மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன் என்றும் அவர் கேட்கவில்லை என்றும் சொன்னேன். நான் சொல்லவேயில்லை. விமான நிலையத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரேன் மதினி" என்றாள். அந்தக் கையில் ஏதாவது தெரிகிறதா, அழுத்திப் பிடிக்கிறாளா, தளர்த்திப் பிடிக்கிறாளா என்று பார்த்தேன். எல்லோரும் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தாள். கண்ணாடியில் இருந்த தாளை அந்த வாரத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு சவூதியில், அல் கோபாரில் வேலை. அங்கே போன ஒரு வருடத்தில் அவளும் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். அவர்களுடையதும் இதே பழைய மொழிதான். மெதுவாக ஓடும் புரோகிராம்களைத் திருத்துவதற்கென்றே அங்கே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இன்று அந்தக் குழுவுக்கு அவள் தலைவி. எங்களுக்கு இங்கே சனி, ஞாயிறு விடுமுறை, அவர்களுக்கு அங்கே வெள்ளி, சனி. பொதுவாகக் கிடைப்பது சனிக்கிழமைதான். சனிக்கிழமை காலை கணவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் சிரிப்பது மட்டும் கேட்கும். அவளுடைய பதவி உயர்வு, புது கார் என்று ஒவ்வொன்றாக அவர் வந்து சொல்லும்போது நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவளைத் துரத்தியும் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். பொறாமைக்குப் பக்கத்தில் பயமும் வந்து குடியேறியிருந்தது. அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாளா, என்றைக்குச் சொல்லுவாள் என்ற பயம். அவள் மெட்ரோவில் கேட்டதை மறந்திருப்பாள் என்று சில வருடம் நம்பினேன். மறக்கவில்லை, பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள் என்று சில வருடம் நினைத்து, அந்தப் பெருந்தன்மைக்காகவும் அவள்மேல் எரிச்சல்பட்டேன்.

இந்த வருடம் எங்கள் நிறுவனத்தில் பழைய புரோகிராம்களை எல்லாம் புதிய அமைப்புக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். மாற்றப்போகிறவர்கள் வெளியாட்கள், அவர்களுக்கு ஆர்.பி.ஜி. தெரியாது. ஆகவே ஒவ்வொரு புரோகிராமிலும் முக்கியமான வரிகளை எடுத்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பட்டியலில் ஒரு பத்தி புரோகிராமின் பெயர், ஒரு பத்தி வரி, ஒரு பத்தி காரணம். வாரக்கணக்கில் எழுதினேன். கவுண்டர் புரோகிராம் வந்தது. இன்றும் ஓடுவது அவள் திருத்திய புரோகிராம்தான், நான் திரும்பச் சேர்த்த அந்த ஒரு வரியோடு. முழு வரலாறும் வேண்டும் என்பதற்காக அவள் கைவைப்பதற்கு முன்பிருந்த பழைய பிரதியையும் திறந்தேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். ஒரு வரியை யார் மாற்றினாலும் அந்த வரியின் தொடக்கத்தில் தன் இனிஷியலைப் போட வேண்டும். பழைய பிரதியில் பிளாக் நோ என்ற வரியின் தொடக்கத்தில் என் இனிஷியல் இருந்தது.

யாரோ எப்பவோ போட்டது என்று நான் சொன்ன வரி. அவள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாள். காரணப் பத்தியில், கவுண்டரில் உடனே தேடுவார்கள், ஆகவே ஒவ்வொன்றாகவே எழுத வேண்டும் என்று எழுதினேன். ஒரே ஒரு வாக்கியம். அன்று மெட்ரோவில் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். நான் அவளுக்குப் போன் செய்தேன். தனியாக அவளுக்கு நான் போன் செய்வது அதுவே முதல் முறை. "என்ன மதினி, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் எடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்தக் கவுண்டர் புரோகிராம்ல பிளாக் நோ போட்டது நான்தான். நீ கேட்டப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அவள் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"உங்க இனிஷியலைப் பாத்துட்டுத்தான் மதினி கேட்டேன். போட்டவங்களுக்குத்தான காரணம் தெரியும்னு. நீங்க யாரோ போட்டதுன்னு சொன்னப்போ, மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். மறுபடி கேக்கச் சங்கடமா இருந்துச்சு. அன்னைக்கு நான் தவிச்சிட்டு இருக்கும்போது நீங்க உக்காந்து டீ குடிச்சீங்க பாருங்க, அப்பதான் புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மேனேஜர்கிட்ட என் தப்புன்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்ல? உங்க வீட்டு ஹால்ல படுத்துக் கிடந்தேன். உங்களைக் காட்டிக் கொடுத்துட்டு அன்னைக்குச் சாயங்காலம் நான் எங்க போக?"

பெருந்தன்மை என்று நான் வருடக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்தது ஒரு வார்த்தையில் போய்விட்டது. அவளுக்கு அங்கே போக்கிடம் இல்லை. அவள் விடிவதற்கு முன்பே எழுந்து சோபாவை மடக்கியதும் அதனால்தான். எவளைப் பார்த்து என் வீடும் ஆபீசும் பறிபோகிறது என்று நான் பயந்தேனோ, அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நாளை ஓட்டியிருக்கிறாள்.

மன்னித்துவிடு என்றேன். அவள் சரி என்று சொல்லவில்லை. "நல்ல கோவம் இருந்துச்சு மதினி. கல்யாணத்துக்கு நீங்க வந்து முன்னால நின்னு செஞ்சப்போகூட இருந்துச்சு. இப்ப அவ்வளவு இல்ல" என்றாள். பிறகு, "அண்ணன்கிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உங்க பாடு" என்றாள். வைக்கும் முன் அந்தப் புரோகிராம் இப்போது எத்தனை வண்டிகளைத் தாங்குகிறது என்று கேட்டாள். சொன்னேன். "பரவாயில்லையே" என்றாள். அவள் குரலில் சின்னப் பெருமை இருந்தது. அது அவளுக்கு உரியது. இருந்தும், ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவுக்குப் பிறகும் சுருக்கென்றது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கணவர் வந்தார். கீரையும் முருங்கைக்காயும் இருந்த பையை மேசையில் வைத்தார். உட்காருங்கள் என்றேன். மெட்ரோவில் அவள் கேட்ட கேள்வியிலிருந்து சற்று முன் போனில் பேசியது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிளாக் என்றால் என்ன என்று அவருக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சொன்னதைத் தலைகுனிந்து கேட்டார். நான் எழுந்து நின்றுகொண்டேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அவளுக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா?"

"ஆமா."

அவர் பையிலிருந்து முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நீளவாக்கில் அடுக்கினார். எத்தனை சனிக்கிழமை அவளோடு மணிக்கணக்கில் பேசியிருப்பார், எத்தனை வருடம் என்னோடு இந்த மேசையில் சாப்பிட்டிருப்பார் என்று அவர் நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"அப்போ ரெண்டு பேரும் சேந்து என்கிட்ட மட்டும்தான் மறைச்சிருக்கீங்க" என்றார்.

அதில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. மற்றதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். தோசைக் கரண்டியோடு அடுப்படியில் நின்றபடி, எனக்குச் சொல்லப்படாத ஒன்றுக்காக அவர்கள் சிரிப்பதைக் கேட்ட நாட்களில் எனக்குள் ஓடியதும் இதே குரல்தான். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கீரையை ஆயத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.